மருந்து கேட்குமா, கேட்காதா?



நம்ம பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. மூன்று நாள் மாத்திரை போட்டும் காய்ச்சல் குறையவில்லை என்றால், "மருந்து கேக்கல" என்பார்கள். காசநோயைப் பொறுத்தவரை இந்தப் பேச்சு அப்படியே அறிவியல். கிருமி மருந்துக்குக் கேட்கிறதா இல்லையா என்பதை முதலிலேயே கண்டுபிடித்துவிட்டால் ஆள் பிழைப்பார். தாமதமாகக் கண்டுபிடித்தால் அவருக்கும் ஆபத்து, வீட்டில் உள்ளவர்களுக்கும் ஆபத்து. முன்பெல்லாம் இதற்குப் பதில் கிடைக்க இரண்டு மூன்று மாதம் ஆனது. இப்போது இரண்டு மணி நேரம். அது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை. பிளஸ் டூ உயிரியலில் டி.என்.ஏ. பாடம் நடக்கும்போது "இதெல்லாம் எதுக்கு சார் படிக்கணும்?" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் வருமே, அந்த நண்பனுக்காகவும் எழுதுகிறேன்.

முதலில் நோயைப் பற்றிச் சுருக்கமாக. நம் பாட்டிமார் எலும்புருக்கி நோய் என்பார்கள், சயரோகம் என்றும் சொல்வார்கள். மைக்கோபாக்டீரியம் டியூபர்குளோசிஸ் என்ற பாக்டீரியாதான் காரணம் என்று ராபர்ட் கோக் பெர்லினில் அறிவித்த நாள் 1882 மார்ச் 24. அதனால்தான் மார்ச் 24 உலக காசநோய் நாள். நுரையீரலில் நோய் உள்ளவர் இருமும்போது காற்றில் கிருமி பரவுகிறது, மற்றவர் அதைச் சுவாசிக்கிறார். தட்டு, டம்ளர் மூலம் பரவாது. தனி டம்ளர் வைக்கும் வீடுகள் நம் ஊரில் இன்னும் இருக்கின்றன. டம்ளரை ஒதுக்குவதற்குப் பதில் ஜன்னலைத் திறந்து வைத்தால் புண்ணியம்.

இந்த விஷயத்தை நான் தேடிப் படித்ததற்குக் காரணம் எங்கள் பெரியப்பா. கம்பம்மெட்டு வழியாக ஜீப்பில் ஏலக்காய் எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போகிறவர். அவருக்குக் காசநோய் வந்து அரசு ஆஸ்பத்திரியில் ஆறு மாத மாத்திரை ஆரம்பித்தார்கள். முதல் இரண்டு மாதம் நாலு மருந்து, அடுத்த நாலு மாதம் மூன்று மருந்து. இரண்டாவது மாதக் கடைசியில் இருமல் நின்றது, பசி எடுத்தது, எடை கூடியது. அதோடு மாத்திரையை விட்டுவிட்டார். "ஏன் பெரியப்பா நிறுத்துனீங்க?" என்று கேட்டேன். "ஒடம்புதான் தேறிருச்சுல்ல, பெறகு எதுக்குடா? அதுவும் போக ஒண்ணுக்குப் போனா செவப்பாப் போகுது, ரத்தமோன்னு பயமா இருக்கு" என்றார். ரத்தமும் இல்லை ஒன்றும் இல்லை. ரிஃபாம்பிசின் என்ற மருந்தே செங்கல் நிறம்தான். சிறுநீர், வியர்வை, கண்ணீரைக்கூட ஆரஞ்சு நிறமாக்கும். இதை ஒருவர் முன்கூட்டியே சொல்லியிருந்தால் அவர் பயந்திருக்க மாட்டார் என்று இப்போதும் நினைக்கிறேன். சுமார் ஒரு வருடம் கழித்து இருமல் திரும்ப வந்தது. இந்தத் தடவை வந்த கிருமி பழைய கிருமியா, மருந்துக்குக் கேட்காத கிருமியா? எங்கள் வீட்டில் அன்று இருந்த கேள்வி இதுதான்.

மருந்துக்குக் கேட்காத கிருமி எங்கிருந்து வருகிறது? மருந்து அதை உண்டாக்குவதில்லை. அது முன்பே உள்ளே இருக்கிறது. பாக்டீரியா இரண்டாகப் பிரியும்போது டி.என்.ஏ.வை நகல் எடுக்கிறது. நகல் எடுக்கையில் எப்போதாவது ஓர் எழுத்து மாறிவிடும். அப்படி மாறியவற்றில் சில, ஒரு குறிப்பிட்ட மருந்துக்குச் சாகாதவையாக இருக்கும். ஐசோநியசிட் என்ற மருந்துக்குச் சாகாதது தோராயமாகப் பத்து லட்சத்தில் ஒன்று. ரிஃபாம்பிசினுக்குச் சாகாதது பத்துக் கோடியில் ஒன்று. நுரையீரலில் புண் குழியாகிப் போன ஒரு நோயாளியிடம் பத்துக் கோடி கிருமிகள் இருக்கலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐசோநியசிட் மட்டும் கொடுத்தால் 100 கிருமி பிழைத்துக்கொள்ளும். ரிஃபாம்பிசின் மட்டும் கொடுத்தால் ஒன்று பிழைக்கும். அந்த ஒன்றே பெருகிவிடும். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால்? இரண்டுக்கும் சாகாதது கோடி கோடியில் ஒன்று. அத்தனை கிருமி ஒரு மனித உடம்பில் இருக்காது. நாலு மாத்திரை ஏன் என்பதற்குப் பதில் இந்தப் பெருக்கல் கணக்குதான். கணக்கு சார் இதைப் படித்தால் நிகழ்தகவுப் பாடத்துக்கு உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம்!

இந்தக் கணக்கை உலகம் சும்மா கற்றுக்கொள்ளவில்லை. 1943இல் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது. காசநோய்க்கு முதல் மருந்து. இங்கிலாந்தில் இதைப் பரிசோதித்து 1948இல் முடிவை வெளியிட்டார்கள். ஆறு மாத முடிவில், மருந்து பெற்ற 55 பேரில் 4 பேர் இறந்திருந்தார்கள்; படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேர். அதிசய மருந்து என்று எல்லோரும் கொண்டாடினார்கள். ஆனால் ஐந்து வருடம் கழித்துப் பார்த்தால் மருந்து பெற்றவர்களில் 32 பேரும் பெறாதவர்களில் 35 பேரும் இறந்துபோயிருந்தார்கள். வித்தியாசம் அவ்வளவுதான். ஒற்றை மருந்துக்குக் கிருமி கேட்காமல் போய்விட்டது. நம் தமிழ்ப் பாடத்தில் வரும் புதுமைப்பித்தன் காசநோயால் இறந்ததும் அதே 1948இல்தான். அவருக்கு வயது 42.

பிறகு ஐசோநியசிட் வந்தது 1952இல். மருந்துகளைக் கூட்டாகக் கொடுக்கும் முறை வந்தது. இதில் தமிழ்நாட்டுக்கு ஒரு பெரிய பங்கு உண்டு. அந்தக் காலத்தில் காசநோய் என்றால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்க வேண்டும். தாம்பரத்தில் 1928இல் தொடங்கிய சானடோரியத்தின் பெயரில் ரயில் நிலையமே இருக்கிறது. நம் பக்கத்து ஆட்களுக்கு மதுரை அருகே உள்ள தோப்பூர் ஆஸ்பத்திரி தெரிந்திருக்கும். படுக்கை கொஞ்சம், நோயாளிகள் ஏராளம். 1956இல் சென்னையில் காசநோய் ஆராய்ச்சி மையம் தொடங்கி, 193 நோயாளிகளில் பாதிப் பேரைச் சானடோரியத்திலும் பாதிப் பேரை அவரவர் வீட்டிலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். நல்ல சாப்பாடும் ஓய்வும் சானடோரியத்தில். நெருக்கடியும் வறுமையும் வீட்டில். இருந்தும், வீட்டில் இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குணமானார்கள். வீட்டில் இருந்தவர்களால் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. 1959இல் முடிவு வெளியானது. உலகம் முழுக்க சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு இந்தச் சென்னை ஆராய்ச்சி முக்கியக் காரணம். அந்த மையம்தான் இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், சேத்துப்பட்டில் இருக்கிறது.

ஆனால் வீட்டில் சிகிச்சை என்றால் வேறொரு சிக்கல் வரும் அல்லவா? மாத்திரை விழுங்குகிறாரா என்று பார்க்க ஆள் இல்லை. பெரியப்பா மாதிரி பாதியில் விடுகிறவர்கள் உண்டு. விட்டுவிட்டுச் சாப்பிட்டால் ஒரு மருந்துக்குக் கேட்காத கிருமி மிஞ்சி, பிறகு இன்னொன்றுக்கும் கேட்காததாக மாறி, அடுத்தவருக்கும் தொற்றும். தொற்றியவர் ஒரு நாள்கூட மாத்திரையைத் தவறவிட்டவராக இருக்க மாட்டார்; ஆனாலும் அவருக்கு மருந்து கேட்காது. இந்தியாவில் 2014 முதல் 2016 வரை நடந்த முதல் தேசியக் கணக்கெடுப்பில், புதிதாக நோய் வந்தவர்களில் 2.84 சதவீதம் பேருக்கும், ஏற்கெனவே சிகிச்சை எடுத்தவர்களில் 11.60 சதவீதம் பேருக்கும் ஐசோநியசிட், ரிஃபாம்பிசின் இரண்டுமே கேட்காத காசநோய் இருந்தது. பெரியப்பா இரண்டாவது கூட்டத்தில் வருகிறவர்.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? பழைய வழி இரண்டு. ஒன்று மைக்ராஸ்கோப். சளியைக் கண்ணாடித் தகட்டில் தடவிச் சாயம் போட்டால் நீலப் பின்னணியில் சிவப்புக் குச்சிகளாகக் கிருமி தெரியும். ஒரு மில்லி சளியில் ஏறத்தாழ 10,000 கிருமி இருந்தால்தான் கண்ணில் படும். அப்படியே பட்டாலும் அது மருந்துக்குக் கேட்கும் குச்சியா, கேட்காத குச்சியா என்று பார்த்துச் சொல்ல முடியாது. எல்லாம் ஒரே குச்சிதான்.

இன்னொரு வழி கிருமியை வளர்ப்பது. கோழிமுட்டையும் பச்சைச் சாயமும் கலந்து உறையவைத்த ஊடகத்தில் சளியை விதைத்து 37 டிகிரி வெப்பத்தில் வைப்பார்கள். நாற்றங்கால் மாதிரி. ஆனால் இந்த நாற்று முளைப்பதற்குள் நமக்கு ஒரு பருவப் பரீட்சை முடிந்துவிடும். நம் குடலில் உள்ள ஈ.கோலை பாக்டீரியா 20 நிமிடத்துக்கு ஒரு தடவை பிரியும். காசநோய்க் கிருமி ஒரு தடவை பிரிய ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். கண்ணுக்குத் தெரிகிற அளவு வளர 3 முதல் 8 வாரம். அதற்குப் பிறகு மருந்து கலந்த ஊடகத்தில் மறுபடி விதைத்து, எதில் வளர்கிறது என்று பார்க்க இன்னும் சில வாரம். திரவ ஊடகத்தில் கொஞ்சம் சீக்கிரம் வளரும், அவ்வளவே. அந்த மாதங்களில் நோயாளி என்ன செய்வார்? கேட்காத மருந்தை விழுங்கிக்கொண்டு, ஜீப்பில் பத்துப் பேரோடு உட்கார்ந்து இருமிக்கொண்டு வேலைக்குப் போவார். தாமதம் என்பதற்கு இங்கே இதுதான் அர்த்தம்.

இப்போது நம் பாடத்துக்கு வருவோம். கிருமி வளரும் வரை காத்திருப்பதற்குப் பதில், அதன் டி.என்.ஏ.வில் எழுத்து மாறியிருக்கிறதா என்று நேரடியாகப் படித்துவிட்டால்?

இந்தக் கிருமியின் மொத்த டி.என்.ஏ.வும் 1998இல் படித்து முடிக்கப்பட்டது. ஏ, டி, ஜி, சி என்ற நான்கு எழுத்துகளில் சுமார் 44 லட்சம் எழுத்து. நம் சுவர் இதழ்த் தாளில் நெருக்கி 10,000 எழுத்து எழுதினால்கூட 440 தாள் வேண்டும். அத்தனையையும் படிக்கத் தேவையில்லை. ரிஃபாம்பிசின் எப்படிக் கொல்கிறது என்று தெரிந்தால் எந்த வரியைப் படிப்பது என்று தெரிந்துவிடும். டி.என்.ஏ.வைப் பார்த்து ஆர்.என்.ஏ. எழுதும் நொதி ஒன்று உண்டு, ஆர்.என்.ஏ. பாலிமரேஸ். அதற்குள் ஒரு பள்ளத்தில் ரிஃபாம்பிசின் போய் அடைத்துக்கொள்கிறது. ஆர்.என்.ஏ. இரண்டு மூன்று எழுத்துக்கு மேல் நீள முடியாது, கிருமி சாகும். அந்தப் பள்ளத்தின் வடிவம் மாறினால் மருந்து உட்காராது. பள்ளத்தை உண்டாக்கும் மரபணுவின் பெயர் ஆர்-பி-ஓ-பி. ரிஃபாம்பிசின் கேட்காத கிருமிகளில் 100க்குச் சுமார் 95இல் மாற்றம் இருப்பது இந்த மரபணுவின் ஒரே ஒரு சின்னப் பகுதியில், வெறும் 81 எழுத்தில். 440 தாளில் ஒரே ஒரு வரி!

அதிகம் காணப்படும் மாற்றம் எது தெரியுமா? டி-சி-ஜி என்று இருக்க வேண்டிய இடத்தில் டி-டி-ஜி. நடு எழுத்து மட்டும் மாறியிருக்கிறது. அதனால் செரின் என்ற அமினோ அமிலம் வர வேண்டிய இடத்தில் லியூசின் வந்துவிடும். 'மடை' என்று எழுத வேண்டிய இடத்தில் 'தடை' என்று எழுதினால் வயலுக்குத் தண்ணீர் என்ன ஆகும்? அப்படித்தான்.

(மருந்தின் பெயரைப் பற்றி ஒரு துணுக்கு. 1957இல் இத்தாலியின் மிலான் நகர ஆராய்ச்சியாளர்கள் பிரான்ஸ் நாட்டு மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிரியிலிருந்து இந்த மருந்துக் குடும்பத்தைக் கண்டுபிடித்தார்கள். அப்போது பிரபலமாக இருந்த 'ரிஃபிஃபி' என்ற பிரெஞ்சு சினிமாவின் பெயரைச் செல்லப் பெயராக வைத்தார்கள். அதுவே ரிஃபாம்பிசின் ஆனது. நம் ஊரிலும் சினிமா பார்த்துப் பிள்ளைக்குப் பெயர் வைக்கிறோமே!)

ஒரு வரியைப் படிக்கலாம், ஆனால் சளியில் இருப்பது கொஞ்சம் கிருமி, அதிலும் ஒரு துளி டி.என்.ஏ. அதைப் பெருக்க வேண்டும். அதற்குத்தான் பி.சி.ஆர். 1983இல் கேரி முல்லிஸ் யோசித்தது; 1993இல் வேதியியல் நோபல் பரிசு. சூடாக்கினால் டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளும் பிரியும். ஆறவைத்தால், நாம் தேடும் வரியின் இரண்டு ஓரத்திலும் சின்னத் துண்டுகள் ஒட்டிக்கொள்ளும். அங்கிருந்து நொதி நகல் எடுக்கும். ஒன்று இரண்டாகும். மறுபடி சூடு, மறுபடி ஆற்றல், இரண்டு நாலாகும். 10 சுற்றில் 1,024. 20 சுற்றில் பத்து லட்சத்துக்கு மேல். 30 சுற்றில் 107 கோடி. கிருமி பிரிய ஒரு நாள் எடுக்கிறது, அதன் டி.என்.ஏ.வை நாம் சில நிமிடங்களில் இரட்டிப்பாக்கிவிடுகிறோம். நேரம் மிச்சமாவது இங்கேதான்.

இதையெல்லாம் ஒரே பெட்டிக்குள் செய்யும் இயந்திரம் ஜீன்எக்ஸ்பர்ட். அமெரிக்காவில் செய்தது. ஆஸ்பத்திரியில் இதன் பரிசோதனையை சிபிநாட் என்பார்கள். உலக சுகாதார நிறுவனம் 2010இல் பரிந்துரைத்தது. சளியில் ஒரு திரவத்தைக் கலந்து குலுக்கி 15 நிமிடம் வைப்பார்கள். சளி நீர்த்துவிடும், பெரும்பாலான கிருமிகளும் செத்துவிடும். அதை எடுத்து ஒரு பிளாஸ்டிக் டப்பியில் ஊற்றி இயந்திரத்துக்குள் வைத்தால் லேப்காரர் வேலை முடிந்தது. கிருமியை வடிகட்டுவது, உடைப்பது, டி.என்.ஏ.வைப் பெருக்குவது எல்லாம் டப்பிக்குள்ளேயே நடக்கும். ஒரு மில்லியில் 130 கிருமி இருந்தாலே போதும். மைக்ராஸ்கோப்புக்கு 10,000 வேண்டும் என்றேனே, ஒப்பிட்டுப் பாருங்கள்.

எழுத்து மாறியதை அது எப்படிக் கண்டுபிடிக்கிறது என்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். அந்த 81 எழுத்தையும் ஐந்து துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பொருந்துகிற மாதிரி ஐந்து சின்ன டி.என்.ஏ. துண்டுகளை டப்பிக்குள் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு நிறச்சாயம். சரியான எழுத்துகளோடு ஒட்டினால் ஒளிரும். ஐந்தும் ஒளிர்ந்தால் கிருமியின் எழுத்து சரி, மருந்து கேட்கும். நாலு ஒளிர்ந்து ஒன்று ஒளிராவிட்டால் அந்த இடத்தில் எழுத்து மாறியிருக்கிறது, மருந்து கேட்காது. எரியாத விளக்குதான் சேதி சொல்கிறது.

ஜீன்எக்ஸ்பர்ட்டுக்குத் தடையில்லாத கரண்ட் வேண்டும், அறை வெப்பமும் 30 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. சித்திரை மாதத்தில் நம் ஊரில் இதற்கு ஏ.சி. இல்லாமல் முடியாது. அந்தக் குறைக்கு நம் நாட்டிலேயே ஒரு பதில் உண்டாக்கினார்கள். பெங்களூர் பிக்டெக் ஆராய்ச்சிக்கூடமும் கோவாவின் மோல்பயோ நிறுவனமும் செய்த ட்ரூநாட் பேட்டரியில் ஓடும், பெட்டியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போகலாம். முதல் சில்லு கிருமி இருக்கிறதா என்று சொல்லும். இருந்தால் இரண்டாவது சில்லு ரிஃபாம்பிசின் கேட்குமா என்று சொல்லும். ஒவ்வொன்றுக்கும் சுமார் ஒரு மணி நேரம். 2020இல் உலக சுகாதார நிறுவனம் இதையும் பரிந்துரைத்தது. அதே வருடம் கொரோனா பரிசோதனைக்கும் இந்த இரண்டு இயந்திரங்களும் உதவின. மேகமலை மாதிரி பஸ் குறைவான மலைப்பகுதிக்கு இப்படித் தூக்கிப் போகிற கருவிதான் தோது என்பது என் கருத்து.

பெரியப்பாவுக்குச் சளி கொடுத்த மறுநாள் பதில் வந்தது. ரிஃபாம்பிசின் கேட்காது. வீட்டில் பெரியம்மா அழுதார்கள். ஆனால் அந்த வாரமே மருந்தை மாற்றிவிட்டார்கள். பழைய காலத்தில் இந்த வகை நோய்க்கு இரண்டு வருடச் சிகிச்சை, அதில் பல மாதம் தினமும் ஊசி. காது கேளாமல் போனவர்கள் உண்டு. இப்போது ஊசி இல்லாமல் மாத்திரையாகவே கொடுக்கிறார்கள். பெடாகுயிலின் முதலான நான்கு மருந்துகள் சேர்ந்த ஆறு மாத முறைக்கு இந்திய அரசு 2024இல் ஒப்புதல் கொடுத்திருக்கிறது. யாருக்கு எந்த முறை என்பது டாக்டர் முடிவு. பெரியப்பா இப்போது நாலாவது மாதத்தில் இருக்கிறார். மாத்திரை போட்டாரா என்று தினமும் ராத்திரி பார்ப்பது என் பொறுப்பு.

இந்த இயந்திரம் எல்லாம் அறிந்தது என்று நினைத்துவிடக் கூடாது. செத்த கிருமியின் டி.என்.ஏ.வும் டி.என்.ஏ.தானே? சிகிச்சை முடிந்த பிறகும் சில காலம் 'இருக்கிறது' என்றே காட்டலாம். அதனால் குணமாகிவருகிறாரா என்று பார்க்கப் பழைய மைக்ராஸ்கோப்பும் முட்டை ஊடகமும்தான். அடுத்த குறை இன்னும் முக்கியம். மேலே சொன்ன டப்பி ரிஃபாம்பிசின் வரியை மட்டும் படிக்கிறது. ரிஃபாம்பிசின் கேட்காத கிருமிக்குப் பெரும்பாலும் ஐசோநியசிட்டும் கேட்காது என்பதால் அது ஒரு நல்ல அடையாளம். ஆனால் ரிஃபாம்பிசின் கேட்டு ஐசோநியசிட் மட்டும் கேட்காத கிருமியும் உண்டு. அது இந்த வலையில் சிக்காது. அதைப் பிடிக்க வேறொரு பரிசோதனை இருக்கிறது: ஒரு காகிதப் பட்டையில் கோடு கோடாக டி.என்.ஏ. துண்டுகளை ஒட்டி, எந்தக் கோடு நிறம் மாறுகிறது என்று பார்ப்பது. அதைப் பெரிய ஆய்வுக்கூடத்தில்தான் செய்ய முடியும். ஆகவே முதல் ரிசல்ட்டில் 'ரிஃபாம்பிசின் கேட்கும்' என்று வந்தாலும், இன்னொரு சளியை அங்கே அனுப்பினால் அலுத்துக்கொள்ளாமல் கொடுக்க வேண்டும்.

கடைசியாக, சளி கொடுக்கும் முறை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைதல் இருந்தால் அரசு ஆஸ்பத்திரியில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். காலையில் எழுந்ததும் வாய் கொப்பளித்துவிட்டு, மூச்சை நன்றாக உள்ளே இழுத்து, நெஞ்சிலிருந்து இருமித் துப்ப வேண்டும். எச்சிலைத் துப்பிக் கொடுத்தால் அந்த அமெரிக்க இயந்திரம்கூட ஒன்றும் செய்ய முடியாது. வீட்டுக்குள்ளே வேண்டாம், வெளியே காற்றோட்டமான இடத்தில், பக்கத்தில் ஆள் இல்லாதபோது துப்புங்கள். மூடியை இறுக்கி மூடுங்கள். பெயரை மூடியின் மேல் எழுதாமல் டப்பாவின் பக்கவாட்டில்தான் எழுதச் சொல்கிறார்கள். ஏன் என்று யோசித்துப் பார்த்து, விடையை இந்தத் தாளின் கீழே பென்சிலால் எழுதுங்கள்.